மறைத்தலும் அறிதலும்: விரைப்பை நீர்க்கட்டிகளின் மருத்துவ வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆண் இனப்பெருக்க உறுப்புகளில் தோன்றும் நீர்க்கட்டிகளுள் பெரும்பாலானவை உயிருக்கு ஊறு விளைவிக்காதவை. ஆயினும் அவற்றைக் குடலிறக்கத்திலிருந்தும் புற்றுக் கட்டியிலிருந்தும் பிரித்தறிய மருத்துவ உலகம் நெடுங்காலம் முயல வேண்டியிருந்தது. இக்கட்டுரை சுசுருத சங்கிதை முதல் மீயொலிப் படம் வரையிலான அம்முயற்சியின் வரலாற்றைத் தொகுத்து ஆராய்கிறது. வீக்கத்தினுள் இருப்பது யாது என்னும் வினாவே இவ்வரலாற்றை நடத்திச் சென்றது என்பதும், அவ்வினாவுக்கான விடைகளுள் பல தம் நோயை மறைத்துக்கொள்ள இயலாத எளியோரின் உடல்களிலிருந்தே பெறப்பட்டன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும். வரலாற்றாசிரியர் எட்வர்டு கிப்பனின் நோய் வரலாறும், காலனிய வங்காளத்து மருத்துவப் பதிவுகளும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்களும் இவ்வினாவின் அடிப்படையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஓதம், அண்டவாயு, விரைவீக்கம், நீர்க்கட்டி, யானைக்கால் நோய், மருத்துவ வரலாறு, எட்வர்டு கிப்பன்

முன்னுரை

நோய்களின் வரலாறு பெரும்பாலும் கொள்ளைநோய்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பெரியம்மை, காலரா, பிளேக் ஆகியன அரசுகளை அசைத்தன. ஆதலால் ஆவணங்களில் இடம்பெற்றன. உயிரைக் கொல்லாமல், ஆனால் வாழ்நாள் முழுதும் உடனிருந்து ஒருவரை ஒடுங்கச் செய்யும் நோய்கள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. ஆண்களின் விரைப்பையில் தோன்றும் நீர்க்கட்டிகள் இவ்வகையின. அவை கேலிக்கும் நாணத்துக்கும் உரியனவாகக் கருதப்பட்டமையால் நோயுற்றவரும் பேசவில்லை, வரலாற்றாசிரியரும் எழுதவில்லை.

இக்கட்டுரையில் நீர்க்கட்டி என்னும் சொல் மூன்று நிலைகளைக் குறிக்கிறது. முதலாவது, விரையைச் சூழ்ந்துள்ள உறையினுள் நீர் தேங்குவதால் உண்டாகும் ஹைட்ரோசீல். இதனை நீரோதம் என இக்கட்டுரை வழங்குகிறது. இரண்டாவது, விரையின் பின்புறத்தே அமைந்த எபிடிடைமிஸ் என்னும் சுருள்குழலில் தோன்றும் தெளிநீர்க் கட்டி. மூன்றாவது, அதே சுருள்குழற் பகுதியில் விந்தணுக்கள் கலந்த நீர் தேங்கி உருவாகும் ஸ்பெர்மடோசீல். இது விந்துநீர்க் கட்டி எனப்படும். மூன்றும் புற்றுநோய் அல்லாதவை. இவற்றை வெவ்வேறாகக் கண்டறிந்தமை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தெளிவுற நிகழ்ந்தது. அதற்கு முன்னர் அனைத்தும் வீக்கம் என்னும் ஒரே பெயருள் அடங்கின.

சொற்களில் உறைந்த கருதுகோள்கள்

தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. ஓதம் என்னும் சொல்லுக்குக் கடலலை, ஈரம் ஆகிய பொருள்களுடன் விரைவீக்க நோய் என்னும் பொருளையும் தமிழ் அகராதிகள் தருகின்றன. உள்ளே இருப்பது நீர் என்னும் கருத்தை இப்பெயர் தாங்கி நிற்கிறது. அண்டவாயு, அண்டவாதம் என்னும் பெயர்கள் வீக்கத்துக்குக் காரணம் வாயுவே என்னும் கொள்கையின் வெளிப்பாடு. வாதம், பித்தம், ஐயம் என்னும் முக்குற்றக் கோட்பாட்டின்வழி நோயைப் புரிந்துகொண்ட மருத்துவ மரபின் சொற்கள் அவை. குடலிறக்கம் என்னும் சொல் உள்ளிருப்பது குடல் என்கிறது. விரைவீக்கம் என்னும் பெயரோ உள்ளிருப்பது பற்றி எதுவும் கூறாது புறத்தோற்றத்தை மட்டும் சுட்டுகிறது.

நீர், காற்று, குடல் என்னும் மூன்று விடைகளும் இவ்வாறு பெயர்களாகவே மொழியில் நிலைத்துள்ளன. நாட்டுப்புற வழக்கில் இப்பெயர்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளப்படுவதால் எப்பெயர் எந்நோயைக் குறிக்கிறது என்பதைச் சொல்லை மட்டும் கொண்டு தெளிய இயலாது. பழைய மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போரும் அவற்றில் கூறப்படும் மருந்துகளை ஆராய்வோரும் இதனைக் கருத்திற்கொள்வது இன்றியமையாதது. சான்றாக, கழற்சிக்காய் சித்த மருத்துவத்தில் விரைவீக்கத்துக்குரிய மருந்தாக உள்ளும் புறமும் பயன்படுத்தப்பட்டு வருகிறது. அழற்சியால் உண்டான வீக்கத்துக்கும் உறையில் நீர் தேங்கிய வீக்கத்துக்கும் அம்மருந்து ஒரே பயனைத் தரும் எனக் கொள்வதற்கில்லை. பெயர் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று.

சுசுருத சங்கிதையின் வகைப்பாடு

இந்திய மருத்துவ நூல்களுள் இவ்வீக்கங்களைத் தெளிவாக வகைப்படுத்திய தொன்மையான நூல் சுசுருத சங்கிதை. அதன் நிதான தானத்துப் பன்னிரண்டாம் இயல் விருத்தி நோயை எழுவகையாகப் பகுக்கிறது. வாதம், பித்தம், கபம், குருதி, கொழுப்பு, மூத்திரம், குடல் ஆகியவற்றால் வரும் விருத்திகள் அவை. அண்டவிருத்தி எனத் தமிழிலும் வழங்கும் தொடர் இம்மரபினது.

இவ்வேழனுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. மூத்திரவிருத்தி என்பது சிறுநீரை அடக்கும் பழக்கமுடையோருக்கு வருவதாகவும், நடக்கும்போது நீர் நிரம்பிய தோற்பைபோல் அசைவதாகவும் நூல் விளக்குகிறது. குடல்விருத்தியோ அழுத்தும்போது ஒலியுடன் மேலேறி, விட்டவுடன் மீண்டும் இறங்கி வீங்குவதாகக் கூறப்படுகிறது. காரணம் பற்றிய முதற்கூற்றை இன்றைய மருத்துவம் ஏற்காது; தேங்குவது சிறுநீர் அன்று. ஆனால் அடையாளம் காணும் முறை இன்றும் பொருந்துவதாகவே உள்ளது. வீக்கம் மேலே செல்கிறதா, அங்கேயே நின்று தளும்புகிறதா என்னும் சோதனையை இன்றைய அறுவை மருத்துவ மாணவரும் முதலில் கற்கின்றனர்.

சிகிச்சா தானத்துப் பத்தொன்பதாம் இயல் மூத்திரவிருத்திக்கு நீர் வடித்தலைப் பரிந்துரைக்கிறது. வீக்கத்துக்கு ஒத்தடமிட்டு, துணியால் கட்டி, நடுத்தையல் போன்ற கோட்டுக்குப் பக்கவாட்டில் கீழ்ப்புறமாக, நெல்மணியின் முனைபோன்ற கருவியால் துளையிட வேண்டும். பின்னர் இருபுறமும் வாயுள்ள குழலைச் செருகி நீரை வெளியேற்றிக் கட்டுப்போட வேண்டும். இச்செய்முறை குடல்விருத்திக்கு உரியதாகக் கூறப்படவில்லை. விரைப்பையை எட்டிவிட்ட குடலிறக்கத்தைத் தீராதது என விலக்குமாறே நூல் அறிவுறுத்துகிறது. துளையிடும் கருவி நீரைச் சந்தித்தால் நலம். குடலைச் சந்தித்தால் மரணம். வகைப்பாடு என்பது இந்நோயில் ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று என்பதனை அந்நூலாசிரியர் அறிந்திருந்தனர்.

மேற்கே கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் இலத்தீனில் எழுதிய மருத்துவ நூலின் ஏழாம் பகுதியும், ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா நகரத்துப் பவுல் கிரேக்கத்தில் எழுதிய நூலின் ஆறாம் பகுதியும் இவ்வீக்கத்துக்கான அறுவை முறைகளை விவரிக்கின்றன. நீர், வீக்கம் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே ஹைட்ரோசீல் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஓதம் என்னும் தமிழ்ச்சொல் உணர்த்தும் கருத்தே அங்கும் பெயராகியுள்ளது.

எட்வர்டு கிப்பனின் மௌனம்

இந்நோயின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான தனிமனிதர் நோய்க்குறிப்பு, உரோமப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆறு தொகுதிகளில் எழுதிய எட்வர்டு கிப்பனுடையது. 1737இல் பிறந்த அவர் இருபத்து நான்கு வயதளவில், தம் விரைப்பையின் வீக்கத்தைக் காட்டி 1761இல் இலண்டன் அறுவை மருத்துவர் சீசர் ஹாக்கின்சிடம் கருத்துக் கேட்டார். அது குடலிறக்கமா, நீரோதமா என ஹாக்கின்சால் உறுதியாகக் கூற இயலவில்லை. மீண்டும் வந்து காட்டுமாறு அவர் பணித்தார். கிப்பன் செல்லவில்லை.

அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் இதுபற்றி அவர் எம்மருத்துவரையும் நாடவில்லை. நண்பரிடமும் பணியாளரிடமும் வாய்திறக்கவில்லை. அவ்விடைக்காலத்தில் அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1776 முதல் 1788 வரை தம் பெருநூலை வெளியிட்டார். இலண்டனிலும் உலோசான் நகரிலும் அறிஞர் கூட்டங்களில் நடமாடினார். வீக்கம் ஆடைக்கு வெளியே யாவருக்கும் தெரியும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கண்டவர்கள் அனைவரும் காணாதவராக நடித்தனர். அவரோ யாரும் காணவில்லை என நம்பியிருந்தார்.

1793 நவம்பரில் இனி மறைக்க இயலாத நிலையில் தம் நண்பர் ஷெஃபீல்டு பிரபுவுக்கு அவர் இதனைக் கடிதத்தில் வெளிப்படுத்தினார். அம்மாதம் 14ஆம் நாள் அறுவை மருத்துவர் ஹென்றி கிளைன் துளையிட்டு ஏறத்தாழ நான்கு குவார்ட் நீரை வெளியேற்றினார். ஒரு குவார்ட் என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். நீர் மீண்டும் சுரந்தது. சில நாள்களில் இரண்டாம் முறை துளையிடப்பட்டது. 1794 சனவரி 13ஆம் நாள் மூன்றாம் முறை ஆறு குவார்ட் நீர் எடுக்கப்பட்டது. மூன்று நாள்கள் கழிந்து சனவரி 16ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதில் கிப்பன் இறந்தார். அவரது உடலை ஆய்ந்தபோது நீரோதத்துடன் குடலிறக்கமும் கலந்திருந்தமை தெரியவந்தது. 1761இல் ஹாக்கின்சு எழுப்பிய ஐயத்துக்கு இரண்டுமே என்பதுதான் விடை. துளையிட்ட இடத்தின் வழியே பரவிய தொற்றே இறப்புக்குக் காரணமாகலாம் என்பது பிற்கால மருத்துவர் சிலரின் கருத்து. கிருமிநீக்க முறை அறியப்படாத காலம் அது.

ஷெஃபீல்டு பிரபு 1796இல் வெளியிட்ட கிப்பனின் எழுத்துத் தொகுப்பில் இச்செய்திகள் இடம்பெற்றுள்ளன. ஒரு பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்களைச் சான்றுகளைக் கொண்டு துருவி ஆராய்ந்தவர், தம் உடலில் கண்கூடாக வளர்ந்த சான்றை ஆராய மறுத்தார். அவரது அறிவுக்குறைவு இதற்குக் காரணமாகாது. வசதியும் மதிப்பும் உடையோர் தம் நோயை மறைத்துக்கொள்ளச் சமூகம் துணைபோனது என்பதே இதனால் பெறப்படும்.

உறையின் கதை

கிப்பன் மருத்துவரை விட்டு விலகிய மறு ஆண்டில், 1762இல், இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் நீரோதம் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். நீர்வீக்கத்தைக் குடலிறக்கத்திலிருந்தும் விரையின் திண்மக் கட்டிகளிலிருந்தும் பிரித்தறிதல் அந்நூலின் மையப் பொருள்களுள் ஒன்று. கிப்பனுக்குத் தேவைப்பட்ட விடையைத் தரத்தக்க மருத்துவர் அவர் வாழ்ந்த நகரிலேயே இருந்தார்.

அதே 1762இல் வில்லியம் ஹன்டரின் மருத்துவக் குறிப்புரைகளில் அவர்தம் தம்பி சான் ஹன்டரின் ஆய்வுகளும் வெளிவந்தன. கருவில் வளரும் ஆண்குழந்தையின் விரைகள் முதலில் வயிற்றினுள் இருந்து பின்னரே கீழிறங்குகின்றன என்பது அவ்வாய்வுகளில் விளக்கம் பெற்றது. இறங்கும்போது வயிற்றறையின் உள்ளுறையிலிருந்து ஒரு நீட்சி உடன் வருகிறது. பின்னர் அதன் மேற்பகுதி மூடிக்கொள்ள, கீழ்ப்பகுதி விரையைச் சூழ்ந்த இரட்டை உறையாக நிலைக்கிறது. மேற்பகுதி மூடாதிருப்பின் வயிற்று நீர் கீழிறங்கி, பிறந்த குழந்தையிடம் நீரோதம் தோன்றும். குடலும் அவ்வழியே இறங்கலாம். நீருக்கும் குடலுக்கும் வழி ஒன்றாயிருந்தமையே இரண்டும் நெடுங்காலம் குழப்பப்பட்டமைக்கு உடற்கூற்று அடிப்படை என்பது இதனால் விளங்கிற்று.

வயது வந்தோரிடம் தோன்றும் நீரோதத்தில் உறை சுரக்கும் நீருக்கும் அது மீள உறிஞ்சும் நீருக்கும் இடையேயான சமநிலை குலைகிறது. அதனால்தான் வடித்த நீர் மீண்டும் நிரம்புகிறது. சுசுருதர் காலம் முதல் கிப்பன் காலம் வரை துளையிடல் தற்காலிகத் தீர்வாகவே இருந்தமைக்கு இதுவே காரணம்.

நுண்ணோக்கி தந்த வேறுபாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறுவை நூல்களில் ஒளிச்சோதனை நிலைபெற்றுவிட்டது. இருண்ட அறையில் வீக்கத்தின் பின்னே மெழுகுவர்த்தியை வைத்தால் தெளிநீர் ஒளியை ஊடுருவ விடும்; குடலும் திண்மக் கட்டியும் பெரும்பாலும் விடா. ஆயினும் நீர் என அறிந்த பின்னரும் அஃது எவ்வகை நீர் என்னும் வினா எஞ்சியது. சில வீக்கங்களிலிருந்து வெளிவந்த நீர் வைக்கோல் நிறத்தது. சிலவற்றிலிருந்து வந்ததோ பாற்கலப்புடையது.

இவ்வினாவுக்கு விடைதரும் கருவி முன்னரே தோன்றியிருந்தது. 1677இல் டெல்ஃப்ட் நகரத்து ஆண்டனி வான் லீவன்ஹூக் நுண்ணோக்கியின்கீழ் விந்தணுக்களைக் கண்டார். அதற்கு நூற்று அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1843இல், இலண்டன் அறுவை மருத்துவர் இராபர்ட் லிஸ்டன் இத்தகைய கட்டி நீரில் விந்தணுக்கள் இருப்பதை வெளியிட்டார். விரையைச் சூழ்ந்த உறையினுள் தேங்கும் நீரும், சுருள்குழலிலிருந்து தோன்றும் தனிக்கட்டியின் நீரும் பிறப்பிடத்தால் வேறானவை என்னும் கொள்கை இதன்பின் உறுதிப்பட்டது. விரை நீரால் சூழப்பட்டிருந்தால் அது நீரோதம். விரை தனியே தொட்டறியத்தக்கதாக இருந்து, அதன் மேலும் பின்னும் கட்டி அமைந்திருந்தால் அது சுருள்குழலைச் சார்ந்தது. இவ்வெளிய விதி இன்றும் மருத்துவப் பாடத்தில் உள்ளது.

மறைக்க இயலாதவர்கள்

இங்கிலாந்திலும் பிரான்சிலும் இவ்வாய்வுகள் நடைபெற்ற காலத்தில், நோயின் பெருங்களமாக விளங்கியது வெப்ப மண்டலம். கீழ் வங்காளத்தில் நீரோதம் மிகப் பரவலாக இருந்தது. கல்கத்தாவின் உள்நாட்டார் மருத்துவமனையில் பணியாற்றிய சேம்சு இரனால்டு மார்ட்டின் 1832 முதல் நீரை வடித்தபின் நீர்த்த அயோடின் கரைசலை உறையினுள் செலுத்தும் முறையைக் கையாண்டார். அதற்கு முன்னர்ச் சேம்சு ஏர்ல் இலண்டனில் 1791இல் திராட்சை மதுவைச் செலுத்தும் முறையை நூலாக வெளியிட்டிருந்தார். உறையின் இரு படலங்களையும் அழற்சியால் ஒட்டச் செய்து நீர் தேங்க இடமின்றிச் செய்தலே இவ்விரண்டின் நோக்கம். பாரிசில் வெல்போவும் அயோடினை முன்னெடுத்தார். மார்ட்டினின் முறையைச் சோதித்து நிறுவத் துணைநின்ற உடல்கள் கல்கத்தாவின் ஏழை நோயாளிகளுடையவை.

மற்றொரு நிகழ்வு 1845 ஏப்ரல் 4ஆம் நாள் ஹூக்ளியில் நடந்தது. அங்குப் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் சேம்சு எஸ்டெயில், இருபுறமும் நீரோதம் கொண்ட ஒரு சிறைக்கைதிக்கு ஒருபுற நீரை வடித்து மருந்து செலுத்தினார். கைதி கடும் வலியால் துடித்தார். அவ்வலியைத் தணிக்க, மெசுமரிசம் எனப்படும் உறக்கமூட்டு முறையை எஸ்டெயில் முதன்முறையாக அவரிடம் முயன்றார். ஈதர் மயக்கமருந்து பாஸ்டனில் பொதுவெளியில் நிறுவப்பட்டது 1846 அக்டோபரில். அதற்கு ஒன்றரை ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. பின்னர் இம்முறையில் பெரும் விரைப்பைக் கட்டிகள் பலவற்றை அவர் அகற்றினார். வங்காள அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. கல்கத்தாவில் இதற்கெனத் தனி மருத்துவமனையும் 1846இல் தொடங்கப்பட்டது.

கிப்பனையும் அக்கைதியையும் ஒருங்கே வைத்து நோக்குதல் தகும். இருவருக்கும் நோய் ஒன்றே. ஒருவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் மறைக்க முடிந்தவர். மற்றவர் சிறைச்சாலையில் தம் உடல்மீது உரிமை குன்றியவர். அவர் இசைவு தந்தாரா என்னும் வினா அக்காலப் பதிவுகளுக்குப் பொருட்டாகவில்லை. மருத்துவ அறிவு வளர்ந்தது இரண்டாமவரிடமிருந்து.

புழுவும் கொசுவும்

வெப்ப நாடுகளில் நீரோதம் மிகுந்திருந்தமைக்கான காரணமும் இத்தகையோரிடமிருந்தே அறியப்பட்டது. 1863இல் பாரிசு அறுவை மருத்துவர் தெமார்க்கே, கியூபாவின் ஹவானாவிலிருந்து வந்த ஒருவரின் விரைப்பையிலிருந்து எடுத்த பால்போன்ற நீரில் நுண்புழுக்களைக் கண்டார். 1866இல் பிரேசிலின் பாகியாவில் ஓட்டோ வூகெரர் நோயாளிகளின் சிறுநீரில் அவற்றைக் கண்டார். 1872இல் கல்கத்தாவில் திமொத்தி லூயிஸ் மனிதக் குருதியில் அவை உலவுவதை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் சோசப் பான்கிராப்ட் 1876 திசம்பரில் ஒருவரின் கைக்கட்டியிலிருந்து முதிர்ந்த புழுவையும், 1877இல் விந்துநாண் நீர்க்கட்டி ஒன்றிலிருந்து உயிருள்ள புழுக்களையும் எடுத்தார். ஊகெரேரியா பான்கிராப்டி என்னும் இன்றைய பெயர் வூகெரர், பான்கிராப்ட் ஆகிய இருவரையும் நினைவூட்டுவது.

சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், தம் தோட்டப் பணியாளரின் குருதியை உண்ட கொசுக்களை அறுத்தாய்ந்து, கொசுவின் உடலில் இப்புழு வளர்வதை 1877இல் கண்டறிந்தார். கொசு கடிக்கும்போது புழு மனிதரை அடைகிறது என்பது 1900இல் சார்சு கார்மைக்கேல் லோவின் ஆய்வால் தெளிவாயிற்று. ஆண்களிடம் முதிர்புழுக்கள் விந்துநாணின் நிணநீர்க் குழல்களை விரும்பி உறைவதால் உறையில் நீர் தேங்குகிறது. யானைக்கால் நோயின் மறுவடிவமாக நீரோதம் அறியப்பட்டது இவ்வாறே.

காவிரிப் படுகையும் கடற்கரை நகரங்களும் யானைக்கால் நோய்க்கு நெடுங்காலம் இடமாயிருந்தவை. வீங்கிய காலைப் பற்றிய பேச்சு மக்களிடையே மிகுந்திருந்தது. விரைவீக்கம் பற்றிய பேச்சோ அருகியே கேட்டது. ஆனால் எண்ணிக்கை வேறு செய்தியைச் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்நோயால் கை கால் வீக்கமுற்றோர் ஒன்றரைக் கோடி. நீரோதமுற்ற ஆண்கள் இரண்டரைக் கோடி. நோயின் பெயராக நிலைத்தது கண்ணுக்குத் தெரிந்த சிறுபான்மை. மறைக்கப்பட்ட பெரும்பான்மை பெயரிலும் இடம்பெறவில்லை. இந்தியாவில் யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கப்பட்டது. புதுச்சேரியில் நோய்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 1975இல் நிறுவப்பட்டது. இலங்கை 2016இல் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து இந்நோயை ஒழித்த நாடாக ஏற்பளிக்கப்பட்டது.

கத்தி, ஒலியலை, காத்திருத்தல்

1867இல் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்ட பின்னரே விரைப்பையைத் திறந்து அறுவை செய்தல் பாதுகாப்பானதாயிற்று. செருமனியின் வோல்க்மன் 1876இல் உறையைத் திறக்கும் முறையை விவரித்தார். 1898இல் விங்கெல்மனும் 1902இல் லியோன் நகரத்து சபூலேயும் உறையைப் பிரித்துப் புறந்திருப்பித் தைக்கும் முறைகளை வெளியிட்டனர். புறந்திருப்பிய உறை சுரக்கும் நீரைச் சூழ்ந்த திசுக்கள் உறிஞ்சிக்கொள்ளும். 1964இல் பீட்டர் லார்டு உறையை அதிகம் பிரிக்காது மடித்துத் தைக்கும் முறையைத் தந்தார்.

1970களில் மீயொலிப் படம் விரைப்பை ஆய்வுக்கு வந்தது. கத்தியோ ஊசியோ இன்றி உள்ளிருப்பதைக் காண முடிந்தது. பிரேசிலின் ரெசிபே நகரத்து ஆய்வாளர்கள் 1994இல் நிணநீர்க் குழலினுள் உயிருள்ள புழுக்கள் நெளிவதைத் திரையில் கண்டு வெளியிட்டனர். அது பைலேரியா நடனம் எனப் பெயர்பெற்றது. மீயொலிப் படம் பரவிய பின்னர், எவ்வித அறிகுறியும் இல்லாத ஆண்கள் பலரிடமும் சிறு சுருள்குழற் கட்டிகள் இருப்பது தெரியவந்தது. இவை வலியோ இடையூறோ தராதவரை மருத்துவம் வேண்டாதவை. மகப்பேறு விரும்பும் இளைஞருக்குச் சுருள்குழற் கட்டியை அறுப்பதால் விந்தணு செல்லும் வழி அடைபடக்கூடும் என்பதால் காத்திருத்தலே பரிந்துரைக்கப்படுகிறது. அறுக்காது விடலாம் எனக் கூறும் துணிவை மருத்துவத்துக்குத் தந்தது வேறுபடுத்தி அறியும் ஆற்றலே.

அதே வேறுபடுத்தல் மறுபுறமும் இன்றியமையாதது. விரையில் தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலியற்ற திண்மக் கட்டியாகத் தொடங்கும். சிலபோது அதனைச் சுற்றியும் நீர் தேங்கி அதனை மறைக்கும். தீங்கற்றது எனத் தாமே முடிவுசெய்வதும், தீங்கானது என அஞ்சி மறைப்பதும் ஒரே விளைவையே தரும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, விரைப்பை நீர்க்கட்டிகளின் வரலாறு மருந்துகளின் வரலாறு என்பதைவிட வகைப்பாட்டின் வரலாறே. தோற்பை உவமை, மெழுகுவர்த்தி, நுண்ணோக்கி, மீயொலி ஆகிய அனைத்தும் உள்ளிருப்பது யாது என்னும் ஒரே வினாவை வெவ்வேறு காலங்களில் எதிர்கொண்டவை. இரண்டாவதாக, அவ்வினாவுக்கு விடைதந்தவர் பட்டியலில் மருத்துவர்களுடன் கல்கத்தாவின் ஏழைகளும், ஹூக்ளியின் கைதியும், அமோயின் தோட்டப் பணியாளரும் சேர்க்கப்பட வேண்டியவர்கள். மூன்றாவதாக, நாணம் இவ்வரலாற்றில் ஒரு காரணியாகவே செயற்பட்டுள்ளது. அறிவு பக்கத்திலிருந்தும் கிப்பனை அடையாமற் போனது அதனால்தான்.

தமிழாய்வுக்கு இங்கு ஒரு பணி உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் இரணவைத்தியம் என்னும் அறுவை மருத்துவ நூல் தமிழில் அச்சேறியது. அறுவை மருத்துவத்தின் நுட்பங்களைத் தமிழில் சொல்ல இயலும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஓதம், அண்டவாயு, விரைவாதம் ஆகிய பெயர்கள் எந்தெந்தச் சுவடியில் எந்தெந்த நோயைக் குறிக்கின்றன என்பதை அறிகுறிகளோடு ஒப்பிட்டு வரையறுக்கும் ஆய்வு மேற்கொள்ளத்தக்கது. அவ்வாய்வு சுவடிப் பதிப்புக்குப் பயன்படும். மருத்துவர்முன் அமர்ந்து தன் நோயைச் சொல்லச் சொல்லின்றித் தயங்கும் ஒருவருக்கும் அது பயன்படும்.